கிணற்றுக்கு இந்தப் பக்கம்

இன்ஜின் சத்தம் பட்டென்று நிற்கவில்லை, இளைத்தது. இதை யாரிடமாவது சொல்லியாக வேண்டும் போலிருந்தது சென்னியப்பனுக்கு. பக்கத்தில் ஆள் இல்லாததால் விமானத்தின் இடது சக்கரத்திடம் சொல்லிக்கொண்டிருந்தார். அறுவடை முடிந்த மக்காச்சோளக் காட்டில் அந்தச் சக்கரத்துக்கு முதுகைக் கொடுத்து உட்கார்ந்திருந்தார். அடித்தட்டைகள் வேட்டியைத் தாண்டிக் குத்துவதுகூட உறைக்கவில்லை. எதிரே கிணறு. சுற்றுச்சுவர் இல்லாத மொட்டைக் கிணறு, வெடி வைத்துப் பாறையை உடைத்து இறக்கியது, ஓரத்தில் நின்று எட்டிப் பார்த்தால் தலை சுற்றும். அவரும் மகள் தாரணியும் தேங்காய்க் களத்து ஷெட்டில் வருசக்கணக்காக ஒவ்வொரு மரையாக முறுக்கிக் கட்டிய விமானம், ரெண்டே பேர் உட்காரக்கூடியது, சற்றுமுன் தாரணியை மட்டும் வைத்துக்கொண்டு மேலே போய், பாதி வானத்தில் தெம்பற்று, இந்தக் காட்டில் இறங்கி, குதித்து, உருண்டு, கிணற்றுக்கு இந்தப் பக்கம் நின்றிருந்தது. நின்றுவிட்டது. நின்றுவிட்டதல்லவா? இன்னும் ஒரு மாட்டுவண்டி நீளம் உருண்டிருந்தால் என்று நினைப்பு கிளம்பும், உடனே அவர் தலையைத் திருப்பி மோட்டார் ரூம் பக்கம் பார்ப்பார். அங்கே வேப்பமரத்தடியில் கயிற்றுக் கட்டிலில் மஞ்சள் சட்டை தெரியும். தாரணியின் சட்டை. உள்ளே தாரணியும் இருப்பாள், சொம்பில் தண்ணீரும் கையில் போனுமாக. சரி, இருக்கிறாள் என்று திரும்புவார். மறுபடியும் கிணறு. இன்னும் ஒரு மாட்டுவண்டி நீளம். மறுபடியும் தலை மோட்டார் ரூம் பக்கம் திரும்பும். இப்படியே கழுத்து வலிக்க ஆரம்பித்திருந்தது.

இளைத்தது. முப்பது வருசம் பம்புசெட் பட்டறை நடத்தியவருக்குக் காதுதான் சோற்றுக் கை. மூடிப்போன நூல் மில்லுக்காரர்கள் எந்தக் காலத்திலோ போட்டுவிட்டுப் போன ஓடுதளத்தின் கடைசியில், வாக்கிடாக்கியைப் பிடித்துக்கொண்டு அண்ணாந்து நின்றிருந்தார். தைப்பூசத்து வெயிலில் கண் கூசியது. அவள் கிழக்கே காற்றாலைகள் வரைக்கும் போய்த் திரும்பிக்கொண்டிருந்தாள். கேட்க நல்ல சத்தம். அப்புறம் அதில் ஒரு நூல் குறைந்தது. கோடையில் கிணற்றுத் தண்ணி கீழே போய்விட்டால் மோட்டார் ஒரு மாதிரி ஏங்கி ஏங்கி இழுக்குமே, அந்த இழுப்பு. காது கேட்டுவிட்டது, மனசு ஒப்பவில்லை. காற்று திரும்பி அடிக்கிறது, அதனால் சத்தம் குறைவாகக் கேட்கிறது என்று தனக்கே ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டார். எம்மாம் பெரிய மடத்தனம். அதற்குள் வாக்கிடாக்கியில் தாரணி, அப்பா, பவர் எறங்குதுப்பா என்றாள், கடையில் பால் பாக்கெட் தீர்ந்துவிட்டது என்று சொல்கிற குரலில். அவர் பொத்தானை அழுத்தினார். எத்தனை தடவை இதற்கென்று சேர்ந்து உட்கார்ந்து பேசியிருக்கிறார்கள், மூக்கை இறக்கு, வேகத்தை விடாதே, திரும்பி வர ஆசைப்படாதே, எதிரே எது கிடைக்கிறதோ அதில் இறக்கு. அத்தனையும் நெஞ்சில் இருந்தது. வாயில் கண்ணு என்கிற ஒரு சொல்தான் வந்தது. கண்ணு என்றார். மறுபடியும் கண்ணு. அவள் காடு ஒண்ணு தெரியுது, எறக்கறேன் என்றாள். பனைமர வரிசைக்கு அந்தப் பக்கம் விமானம் தாழ்ந்தது, அப்புறம் காணோம். ஜீப்பை எப்படி எடுத்தார், எந்த வழியில் வந்தார், ஒன்றும் நினைவில்லை. பழனிக்கு நடந்து போகிற காவடிக் கூட்டம் ரோட்டை அடைத்துக்கொண்டு போனது மட்டும் நினைவிருக்கிறது. விடாமல் ஹாரன் அடித்தார். பச்சை வேட்டிக்காரர் ஒருவர், பைய போங்க சாமி, முருகன் இருக்கறான் என்றார். இங்கே வந்து பார்த்தால் தாரணி தானாகவே இறங்கி இடுப்பில் கை வைத்துக்கொண்டு நிற்கிறாள், சிரிக்கிறாள். கெணறு இருக்குதுன்னு நீங்க சொல்லவே இல்லியேப்பா என்றாள். சொல்லிவிட்டுக் குத்தவைத்து வாந்தி எடுத்தாள். காட்டுக்காரம்மா ஓடிவந்து தலையைப் பிடித்துக்கொண்டார். சென்னியப்பன் பிடித்திருக்க வேண்டிய தலை. அவருக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை, சக்கரத்தோரம் உட்கார்ந்துவிட்டார்.

மூன்று வேண்டும். இன்ஜின் ஓட எண்ணெய் வேண்டும், நெருப்பு வேண்டும், காற்று வேண்டும். மூன்றும் இருந்தால் ஓடியே தீரும், ஓடாவிட்டால் மூன்றில் ஒன்று இல்லை. பட்டறையில் வேலைக்கு வருகிற ஒவ்வொருவனுக்கும் அவர் முதல் நாள் சொல்வது இதுதான். இந்த மூன்றையும் போன ஐப்பசி முழுக்க ஆட்டிப்படைத்தாயிற்றே. முதல் தடவை இதேபோல் ஆனது ஆயுத பூசைக்கு மறுநாள், விஜயதசமி அன்று. அன்றைக்கு நல்லகாலம், ஓடுதளத்துக்கு நேர் மேலேயே தெம்பு போயிற்று. அவள் ஒரு சுற்றுச் சுற்றிப் பூப்போல இறக்கிவிட்டாள். அன்றைக்கு அவருக்குப் பயமே இல்லை, ஒரு குசிகூட இருந்தது, சிக்கல் பிடித்த மெசின் கையில் கிடைத்த குசி. ஓடிப்போய் முதல் வேலையாக டேங்க் மூடியைத் திறந்து பார்த்தார், பெட்ரோல் முக்கால்வாசி இருந்தது. ஸ்டார்ட் பண்ணினார்கள், மணிமணியாக ஓடியது. வேப்பமரத்தில் சங்கிலி போட்டுக் கட்டி முழு வேகத்தில் ஓட்டினார்கள், அப்போதும் ஓடியது. பிளக்கை மாற்றினார். பில்டரைப் பிரித்தார், தூசு இல்லை. பெட்ரோலைக் கண்ணாடிப் பாட்டிலில் பிடித்து வெயிலில் காட்டினார், ஒரு சொட்டுத் தண்ணி இல்லை. ஹோஸ் மடங்கவில்லை, பம்பு அடிக்கிறது, வயர் சூடாகவில்லை. தரையில் ஒரு குறையும் காட்டாமல் மேலே போய் மட்டும் கழுத்தை அறுக்கிற மெசினை அவர் சென்மத்தில் பார்த்ததில்லை. கடைசியில் கார்புரேட்டர்தான் களவாணி என்று தீர்ப்புச் சொல்லிப் புதுசு வாங்கிப் போட்டார்கள். டேங்க்கை இறக்கி, மூடி முதற்கொண்டு எல்லாவற்றையும் பெட்ரோலில் போட்டுக் கழுவித் துடைத்து மாட்டினார்கள். அப்புறம் கார்த்திகை, மார்கழி முழுக்க ஒரு தும்மல் கிடையாது. மீசையை முறுக்கிக்கொண்டு திரிந்தார். இப்போது என்ன ஆயிற்று? புதுக் கார்புரேட்டர்தானே? எண்ணெய் இருக்கிறது, நெருப்பு இருக்கிறது, காற்று, காற்று இல்லாமல் எங்கே போகும், வானத்தில் காற்றுக்கா பஞ்சம்? மஞ்சள் சட்டை தெரிகிறதா? தெரிகிறது. கட்டிலில் இப்போது படுத்திருக்கிறாள். படுத்துத்தானே இருக்கிறாள்? காலை ஆட்டுகிறாள். சரி.

மனைவி கலாமணிக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டதாகத் தாரணி அங்கிருந்தே சைகை காட்டியிருந்தாள். கலாமணி வருவாள். வந்து என்ன சொல்வாள்? இதெல்லாம் வேண்டாம் என்று முதலில் சொன்னவள் அவள்தான். பொட்டப்புள்ளையைக் கொண்டுபோய் வானத்துல ஏத்தறீங்களே, உங்களுக்கு ஈரக்கொலையே இல்லீங்களா என்று கேட்டவள். சண்டை போடவில்லை, அழவில்லை, ஷெட்டுப் பக்கம் மட்டும் காலெடுத்து வைக்கவே மாட்டேன் என்றுவிட்டாள். வருசக்கணக்கில் வைக்கவுமில்லை. சோறு வரும், டீ வரும், அவள் வரமாட்டாள். விமானத்துக்குச் சிறகு மாட்டிய நாளில் ஊரே வந்து பார்த்தது, அவள் வீட்டில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். அப்படிப்பட்டவள் போன ஆயுத பூசையன்று, யாரும் கூப்பிடாமல், ஒரு கிண்ணத்தில் சந்தனமும் குங்குமமும் எடுத்துக்கொண்டு ஷெட்டு வாசலில் வந்து நின்றாள். தாரணி, அப்பா என்று அவர் கையைக் கிள்ளினாள். அப்படி வந்து நின்றதுதான் கலாமணியின் சம்மதம், அதற்கு மேல் அவளுக்குச் சொல்லத் தெரியாது. இன்றைக்குக் காலையிலும் வந்தாள். தைப்பூசம், நல்ல நாளு, புள்ளை தூரமாப் போகுது என்று அதே கிண்ணத்தோடு. இப்போது பழனி ரோட்டு முருகன் கோயிலில் இருப்பாள், அங்கிருந்துதான் வர வேண்டும். என் புள்ளையை என்ன பண்ணினீங்க என்று கேட்பாள். கேட்கட்டும். பதில்தான் என்ன? பிளக் நல்லா இருக்குது அம்மணி, பில்டர் நல்லா இருக்குது அம்மணி. வெளக்கைப் பிடித்துக்கொண்டு கிணற்றில் விழுந்த கதை, அதுவும் சொந்தப் பிள்ளையை விழவிட இருந்த கதை. சென்னியப்பன் எழுந்திருக்கக் கையை மேலே நீட்டினார். விமானத்தின் மூக்கைப் பிடித்து எழுந்தார்.

பிடித்த கை ஏமாந்தது. மாடிப்படி இருட்டில் இன்னொரு படி இருக்கிறதென்று காலை வைத்து ஏமாறுவோமே, அப்படி. கை எதிர்பார்த்த இடத்தில் தகடு இல்லை. கண்ணாடிக்கு முன்னால், மூக்கின் மேல்பக்கமே டேங்க்தான். அலுமினியத் தகடு, அவரே மரச்சுத்தியால் தட்டித் தட்டி வளைத்தது, அந்த வளைவு அவர் உள்ளங்கைக்கு மனப்பாடம். அது இப்போது உள்ளே போயிருந்தது. பல் போன கிழவன் கன்னம்போல ஒட்டிக் கிடந்தது. இறங்கும்போது எதிலாவது இடித்ததா? இடித்த தடமில்லை, கீறலில்லை. அந்தப் பக்கம் போய்த் தடவினார், அங்கேயும் ஒட்டியிருந்தது. ரெண்டு பக்கமும் ஒரேபோல இடிக்குமா? இடிக்காது. உள்ளேயிருந்துதான் இழுத்திருக்க வேண்டும். எது இழுக்கும் என்று கேட்டுக்கொண்டே மூடியில் கை வைத்தார், வைத்த கை அப்படியே நின்றது. மூடியில் பொட்டு. வட்டமாகச் சந்தனம், நடுவில் குங்குமம். காய்ந்து சுண்ணாம்பாட்டம் இறுகிப்போயிருந்தது. மூடியின் நடுவில் ஊசிமுனை அளவுக்கு ஒரு துளை உண்டு, அவரே லேத்தில் மூடியைக் கடைந்து அவரே போட்ட துளை. பெட்ரோல் இறங்க இறங்க அதன் வழியாகக் காற்று உள்ளே போக வேண்டும், போனால்தான் பெட்ரோல் இறங்கும். துளையைக் காணோம். பொட்டுத்தான் இருந்தது. மூடியைத் திருகினார். வரவில்லை. ரெண்டு கையாலும் திருகினார். ஸ்ஸ் என்று நீளமாக, மூச்சுமுட்டி எழுந்த ஆள் இழுப்பதுபோல டேங்க் காற்றை இழுத்தது, டொப்பென்று கன்னம் ரெண்டும் வெளியே வந்தன. உள்ளே பெட்ரோல் முக்கால்வாசி இருந்தது.

அவர் அந்த மூடியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். விஜயதசமி அன்றும் இந்தச் சத்தம் கேட்டது. கேட்டதே, இதே காதில் கேட்டதே, சூடான இன்ஜின் எங்கேயோ சீறுகிறது என்று விட்டுவிட்டாரே. காது சோற்றுக் கையாம். அன்றைக்குத் திறந்ததும் காற்று உள்ளே போயிற்று, போனதும் மணிமணியாக ஓடத்தானே செய்யும். தரையில் கட்டிப்போட்டு ஓட்டியபோதெல்லாம் மூடி எங்கே இருந்தது? கழற்றி ஓரமாக வைத்திருந்தது. பட்டறை வழக்கம். டெஸ்ட் பண்ணுகிற இன்ஜினுக்கு யாரும் டேங்க் மூடியைப் போட்டு வைப்பதில்லை, எண்ணெய் இறங்குவது கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்பார்கள். அவரே சொல்லிக்கொடுத்தது. அப்புறம் கழுவியபோது பொட்டும் போயிற்று, நோயும் போயிற்று, கார்புரேட்டருக்குப் பேர். இன்றைக்குப் பொட்டு வந்தது, நோயும் வந்தது. ஐப்பசி முழுக்க அத்தனை சாமானையும் சந்தேகப்பட்டவர் சாமி காரியத்தை மட்டும் சந்தேகப்படவில்லை. கண் முன்னாலேயே இருந்தது, நெற்றியில் இருப்பதுபோல. நெற்றி. அந்தச் சொல் அவருடையது. ஆயுத பூசையன்று கலாமணி கிண்ணத்தோடு விமானத்தைச் சுற்றிச் சுற்றி வந்தாள், எங்கேயும் விரலை வைக்கவில்லை. நான் எதையாச்சும் தொட்டுக் கெடுத்துருவனாட்டம் இருக்குதுங்க, எங்க வெக்கட்டுங்க என்று கேட்டாள். அவள் கேட்டாளே. கேட்காமலா வைத்தாள்? அவர்தான் சிரித்துக்கொண்டு, அதா, அந்த மூடி, பாரு நெத்தியாட்டமே இருக்குது, அங்க வெய்யி என்று விரலை நீட்டிக் காட்டினார். துளை போட்டவன் கையாலேயே காட்டினார். இன்றைக்குக் காலையில் அவள் கேட்கக்கூட இல்லை, இடம்தான் தெரியுமே. நல்ல அழுத்தமாக, பிள்ளை தூரமாகப் போகிறாள் என்று ரெண்டு தடவை வைத்தாள். சென்னியப்பன் அந்த ஆள்காட்டி விரலைப் பார்த்தார். நகத்தில் கிரீஸ் இருந்தது, வேறொன்றுமில்லை. மோட்டார் ரூம் பக்கம் பார்க்கக் கழுத்து திரும்பவில்லை.

மொபெட் சத்தம் கேட்டது. கலாமணி வரப்பிலேயே வண்டியைப் போட்டுவிட்டு மகளிடம் ஓடினாள். தலை, தோள், கை, முதுகு என்று சந்தையில் காய் பார்ப்பதுபோல அழுத்தி அழுத்திப் பார்த்தாள். அழுதாளா என்று இங்கிருந்து தெரியவில்லை. பின்பு சோளத்தட்டைக்கு மேலாகவே நடந்து அவரிடம் வந்தாள். செருப்பில்லை, கோயிலில் விட்டுவிட்டு வந்திருப்பாள். கிணற்றோரம் போய் எட்டிப் பார்த்தாள், சக்கரத்தைப் பார்த்தாள், நடுவே இருந்த இடத்தைப் பார்த்தாள். அவர் ஏச்சுக்குத் தயாராக நின்றார். ஏச்சு வந்திருந்தால் தேவலை. அவள் மடியிலிருந்து கோயில் சந்தனம் மடித்த இலையை எடுத்தாள்.

"நான் வெச்ச பொட்டுத்தானுங்க எம்புள்ளையக் கெணத்தோரத்துல புடிச்சு நிறுத்தியிருக்குது" என்றாள்.

சொல்லிக்கொண்டே சந்தனத்தை விரலில் எடுத்தாள். அவருக்கு நாக்கு நுனியில் ஒரு பொய் வந்து நின்றது, இன்ஜின் சூடா இருக்குது, அப்பறம் வெச்சுக்கலாம் அம்மணி என்று. அழகான பொய். இன்றைக்கு ஒருநாள் அவள் இப்படியே நம்பிக்கொண்டு நிம்மதியாகத் தூங்கலாம். அவளுக்குத் தெரியாமல் துளையை வேறு பக்கம் மாற்றிவிடலாம், பக்கவாட்டில் ஒரு குழாய் வைத்துவிடலாம், அரை நாள் வேலை. அப்போதும் அவள் வைப்பாள். அடுத்த பூசைக்கு, அடுத்த வெள்ளிக்கு, எதில் படுமோ எதை அடைக்குமோ, நெற்றி எங்கே என்று தேடித் தேடி வைப்பாள். அவருக்கு அந்த இளைப்புச் சத்தம் மறுபடி கேட்டது, வானத்திலிருந்து, பால் பாக்கெட் தீர்ந்த குரலில். கலாமணியின் விரல் டேங்க்கை நோக்கிப் போயிற்று. அவர் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார்.

"அந்தப் பொட்டுத்தான் அம்மணி தொளையை அடைச்சிருச்சு. உள்ள காத்து போகல, பெட்ரோல் எறங்கல. எடத்தைக் காட்டுனது நானு."

மூடியை அவள் உள்ளங்கையில் வைத்தார். அவள் அதைப் பார்த்தாள். தான் வைத்த பொட்டைப் பார்த்தாள். முகத்திலிருந்த ரத்தமெல்லாம் இறங்கிப்போவது அவருக்குத் தெரிந்தது, அதைப் பார்க்க மாட்டாமல் பார்த்துக்கொண்டு நின்றார். வீட்டில் எண்ணெய் டின் திறக்கும்போதெல்லாம் அவள்தான் அவரை அதட்டுவாள், ஒத்த ஓட்டை போட்டா மடக்கு மடக்குன்னு நின்னுதான் ஊத்தும், எதிர்ப்பக்கம் இன்னொண்ணு போடுங்க என்று.

"ஒத்த ஓட்டை டின்னாட்டம் ஆயிப்போச்சுங்களா?" என்றாள்.

ஆமாம் என்று தலையை ஆட்டினார். அவள் விரலில் இருந்த சந்தனத்தைச் சேலையில் துடைத்தாள். ஜாக்கெட் கழுத்துக்குள் கைவிட்டுத் தாலிக்கொடியை வெளியே இழுத்து, அதில் எப்போதும் கோத்துவைத்திருக்கிற ஊக்குகளில் சின்னதாக ஒன்றைக் கழற்றினாள். மூடியின் நடுவில் குத்தினாள். முனை வழுக்கிச் சந்தனத்தில் கோடு போட்டது. மறுபடி குத்தினாள், துளை அகப்படவில்லை. சென்னியப்பன் அவள் கையைப் பிடித்துத் துளை இருக்கும் இடத்துக்கு நகர்த்தினார். ரெண்டு கையுமாகச் சேர்ந்து எப்படியோ முனை உள்ளே இறங்கிற்று. காய்ந்த சந்தனம் பொடிப்பொடியாக உதிர்ந்தது. அவள் மூடியை வாயில் வைத்து ஊதினாள். மறுபக்கம் அவர் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார், ஊசி மாதிரி மெல்லிசாகக் காற்று வந்தது. அவளுடைய மூச்சு. இன்னொரு தடவை ஊது என்றார். ஊதினாள்.

மூடியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஊக்கைக் கொடியில் மாட்டிக்கொண்டாள். இனி இது பறக்குமா, நீங்கள் பறக்கவிடுவீர்களா என்று ஒன்றும் கேட்கவில்லை. இலையைப் பிரித்து மறுபடி சந்தனத்தைத் தொட்டாள்.

"இப்ப எங்க வெக்கட்டுங்க?"

சென்னியப்பன் சிறகைப் பார்த்தார், வாலைப் பார்த்தார், சக்கரத்தைப் பார்த்தார். எந்த இடத்தில் எந்தத் துளை இருக்கிறது, எந்த மூட்டு அசைய வேண்டும் என்று அவருக்கு அத்தனையும் தெரியும், இருந்தும் விரல் எழும்பவில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். கலாமணி அந்தக் கையைப் பார்த்தாள். அப்புறம் விரலில் எடுத்த சந்தனம் சிந்தாமல் மறு கையால் அணைத்துக்கொண்டு, சோளத்தட்டைகளுக்கு மேலாக மோட்டார் ரூமைப் பார்த்து நடந்தாள். மஞ்சள் சட்டை கட்டிலிலிருந்து எழுந்து நின்று, அவளுக்கு எட்டும்படி குனிந்து நெற்றியைக் கொடுத்தது.